பத்து வருஷம் ஓடிய சொகுசு காரை எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் எப்படிக் காப்பாற்றுவது

கோயம்புத்தூரில் ஜெர்மன் வண்டிகளை மட்டும் எடுத்துச் செய்கிற சின்ன ஒர்க்‌ஷாப் என்னுடையது. இரண்டு லிஃப்ட், மூன்று பையன்கள், நான். 22 வருஷமாக இதே வேலை. வாரத்துக்கு ஒருவராவது போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்: "அண்ணா, 60 லட்ச ரூபாய் வண்டி 12 லட்சத்துக்கு வருதுங்க. எடுக்கலாமுங்களா?"

எடுக்கலாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுவேன். வண்டி விலை 12 லட்சத்துக்கு இறங்கிவிட்டது, ஸ்பேர் விலை இறங்கவில்லை. அதன் கியர்பாக்ஸும் ஹெட்லைட்டும் இன்றைக்கும் 60 லட்ச வண்டியின் கியர்பாக்ஸும் ஹெட்லைட்டும்தான். அதனால் வாங்கும் விலையில் கால் பங்கை, 12 லட்சம் என்றால் 3 லட்சத்தை, தனியாக எடுத்து வைக்க முடிந்தவர் வாங்கட்டும். இருக்கிற கடைசி ரூபாயையும் திரட்டிப் போட்டு வாங்க வேண்டாம். அப்படி வாங்கிவிட்டு, ஆறாவது மாசம் ரிப்பேருக்குப் பணம் புரட்ட முடியாமல் என் வாசலிலேயே வண்டியை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. ஆசைப்பட்டு வாங்கியது தூசி படிந்து நிற்பதைப் பார்க்க அவர்களும் வரமாட்டார்கள், எனக்கும் மனசு கேட்காது.

இத்தனை வருஷத்தில் என் கை கண்ட விஷயம் இது. இந்த வண்டிகளில் இரும்பு தானாகக் கெடுவது அபூர்வம். முதலில் போவது ரப்பர், பிளாஸ்டிக், ஒயர். அவை போனதைக் கவனிக்காமல் ஓட்டுவதால்தான் பிறகு இரும்பும் போகிறது. பானெட்டைத் திறந்தால் விரல் நுழைய இடமிருக்காது. டர்போவின் சூடு, டிராபிக்கில் ஊர்கிற சூடு, சித்திரை வெயில் மூன்றும் சேர்ந்து உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கை வேகவைத்துவிடும். எட்டு, ஒன்பது வருஷத்தில் சில கூலண்ட் பைப்புகள் கை பட்டாலே அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால் வண்டி பார்க்கப் போகும்போது பெயின்ட் பளபளப்பிலும் தோல் சீட்டிலும் கண்ணை விடாதீர்கள். ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் தண்ணீர் போன தடத்தையும் தேடுங்கள்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள்

காலை ஆறு மணிக்கு வருகிறேன், அதற்குமுன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். மறைக்க வேண்டிய சத்தமெல்லாம் குளிர்ந்த இன்ஜினின் முதல் அரை நிமிஷத்தில்தான் வரும்.

பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். காது, இன்ஜினின் பின்பக்கம், கண்ணாடியை ஒட்டிய பக்கமாக இருக்கட்டும். பி.எம்.டபிள்யூ 2007-ல் கொண்டுவந்த என்47 டீசல் இன்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற டைமிங் செயின் பின்னால், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. 320டி, 520டி, எக்ஸ்1, எக்ஸ்3 என்று நம் ஊரில் அதிகம் ஓடியது இந்த இன்ஜின்தான். செயினும் அதன் பிளாஸ்டிக் கைடும் தேய்ந்தால் வளையல்கள் ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் இன்னும் தெளிவாகும். செயின் முன்பக்கம் இருந்தால் வேலை இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது. பின்பக்கம் இருப்பதால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் தொட முடியாது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். அந்தச் சத்தம் கேட்டால் விலை பேசவே உட்காராதீர்கள்.

மெர்சிடீஸின் வி6 டீசல், ஓஎம்642, உறுதியான இன்ஜின். அதிலும் ஒரு சின்ன ரப்பர் இருக்கிறது. ஆயில் கூலர், இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுப்பள்ளத்தில், எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கும். அதன் சீல் ஆரம்பத்தில் ஆரஞ்சு நிறத்தில் வந்தது. சூட்டில் இறுகி ஆயிலைக் கசியவிட ஆரம்பித்ததும் பிற்பாடு ஊதா நிறத்தில், வைட்டான் என்கிற சூடு தாங்கும் ரப்பரில் மாற்றிக் கொடுத்தார்கள். சீல் உள்ளங்கையில் அடங்கிவிடும், விலையும் அற்பம். அதைத் தொட டர்போவையும் மேனிஃபோல்டையும் கழற்ற வேண்டும், கூலி அங்கேதான் ஏறும். கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் கீழே ஆயில் ஈரம் இருந்தால், இன்ஜினின் பின் சீல் போயிருக்கிறது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாமல் மேலே அந்தப் பள்ளத்தில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல் வண்டி என்றால் ஆயில் குடிக்கிறதா என்று பாருங்கள். 2009 முதல் 2011 வரை வந்த ஆடி ஏ4-ன் 2.0 டிஎஃப்எஸ்ஐ இன்ஜின்களில் இந்தக் குறை பெரிதாகி, அமெரிக்காவில் வழக்கு வரை போய்ச் சமரசத்தில் முடிந்தது. இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக உறிஞ்சினால் பரவாயில்லை. மூடி கையோடு வராமல் இழுத்துப் பிடித்தாலோ விசில் அடித்தாலோ இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் பிரீதர் வால்வின் ரப்பர் கிழிந்திருக்கிறது. மூடியின் உள்பக்கம் கெட்டி மோர் மாதிரி ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. மழைக்காலத்தில் சின்னச் சின்ன ஓட்டமே ஓடிய வண்டியிலும் அப்படி வரும், அதனால் கூலண்ட் தொட்டியையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கூலண்ட் தொட்டியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள். உள்ளே துரு நிறமாக இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் இதற்குள் ஊற்றக் கூடாது. கம்பெனி சொன்ன கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, அவ்வளவுதான்.

கியர்பாக்ஸுக்கு 40 நிமிஷம் கொடுங்கள்

தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தால் ஒன்றும் தெரியாது. குளிர்ந்த நிலையில் பி-யிலிருந்து (பார்க்கிங்) ஆர் (ரிவர்ஸ்), ஆரிலிருந்து டி (டிரைவ்) என்று மாற்றிப் பாருங்கள், பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி உதறல் இருக்கக் கூடாது. பிறகு டிராபிக்கிலும் ஹைவேயிலுமாக 40 நிமிஷம் ஓட்டி நன்றாகச் சூடேற்றிவிட்டு, வேகத்தைக் குறைத்து நிற்கப் போகும் கடைசி பத்து அடியில் கவனியுங்கள். இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு இறங்கும்போது 'தொம்' என்று விழுந்தால் கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடுகிற வால்வு பாடியையோ கிளட்சையோ சந்தேகப்படுங்கள்.

'லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்' என்று விற்பவர் சொல்வார். வண்டிக் கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகத்திலும் அப்படி இருந்திருக்கிறது. பி.எம்.டபிள்யூ, ஆடி, ஜாகுவார் எல்லாவற்றுக்கும் 8 கியர் ஆட்டோமேட்டிக் செய்து கொடுக்கிற இசட்.எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. நான் 80,000-லேயே மாற்றிவிடுவேன். அந்தக் கியர்பாக்ஸின் அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதற்குள்ளேயே இருக்கிறது, தட்டோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஆயில் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அளவு பார்க்க வேண்டும். ஸ்கேனரில் அந்தச் சூட்டைப் பார்க்காமல் ஊற்றுகிற இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கியர்பாக்ஸ் இரட்டை கிளட்ச் வகை என்றால் ஒரே ஒரு சொல்: மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக்கில் நிறுத்துங்கள். கிளட்ச் எரிவது அந்தப் பழக்கத்தால்தான்.

ஏர் சஸ்பென்ஷன் என்றால் டேப் எடுத்துப் போங்கள்

திருப்பூர்க்காரத் தம்பி ஒருவர், பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர், மூன்று வருஷம் முன்னால் பெரிய எஸ்யூவி ஒன்றை வாங்கினார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். வாங்கி நாலாவது நாள் காலையில் போன். "அண்ணா, நேத்து நைட்டு நல்லாத்தானுங்க நின்னுச்சு. இப்பப் பாத்தா எருமை படுத்தாப்ல ஒரு பக்கம் படுத்துக் கெடக்குதுங்க."

போய்ப் பார்த்தேன். பின் இடது சக்கரத்தின் மேல் விரல் நுழையவில்லை. "வாங்கப் போனப்ப வண்டி எப்படி நின்னுதுங்க?" என்று கேட்டேன். ஸ்டார்ட்டிலேயே இருந்தது, ஏசி போட்டுக் குளுகுளுவென்று வைத்திருந்தார்கள் என்றார். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. இன்ஜின் ஓடினால் கம்ப்ரசர் காற்றடித்துத் தூக்கிவிடும். ஒழுக்கு தெரியவே தெரியாது.

ஏர் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒரு ரப்பர் பை இருக்கும். மடிந்து மடிந்து விரிகிற இடத்தில் வருஷம் ஆக ஆகச் சன்னமாக வெடிப்பு விடும். முதலில் ராத்திரியெல்லாம் மெதுவாக இறங்கும். காலையில் கம்ப்ரசர் அதைத் தூக்க அரை நிமிஷத்துக்குப் பதில் மூன்று நிமிஷம் ஓடும். தினமும் அப்படி ஓடி ஓடி கம்ப்ரசர் எரியும். தம்பியின் வண்டியில் முதலிலேயே பையை மட்டும் மாற்றியிருந்தால் போதுமாக இருந்திருக்கும், ஆனால் விற்றவர் பல மாசம் அப்படியே ஓட்டியதால் கம்ப்ரசரும் அதன் ரிலேயும் சேர்ந்து போயிருந்தன. மூன்றையும் மாற்றினோம்.

இதைப் பிடிக்க ஒரு தையல் டேப் போதும். முதல் நாள் சாயங்காலம், சமதளத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, கதவைக்கூடத் திறக்காமல் மறுபடி அளங்கள். சில வண்டிகள் பூட்டைத் திறந்ததுமே தன்னை நிமிர்த்திக்கொள்ளும், அதனால்தான் கதவைத் தொட வேண்டாம் என்கிறேன். ஒரு மூலை மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அங்கே ஒழுக்கு இருக்கிறது. லிஃப்டில் ஏற்றி, பையின் மடிப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

மேலே சன்ரூஃப், கீழே கம்ப்யூட்டர்

இந்த வண்டிகளில் என்னை அதிகம் அலைக்கழித்தது தண்ணீர்தான். சாய்பாபா காலனியில் ஓர் அம்மா, ரிட்டையர்டு பேராசிரியை, வண்டியை வீட்டு வாசலில் புங்கமரத்து நிழலில் நிறுத்துவார். ஐப்பசி மழை முடிந்ததும் வண்டி தன் போக்குக்கு ஆட ஆரம்பித்தது. நடுராத்திரி கண்ணாடி இறங்கும், ஹாரன் அடிக்கும், காலையில் பேட்டரி செத்திருக்கும். வேறோர் இடத்தில் கம்ப்யூட்டர் மாட்யூல் போய்விட்டது என்று பெரும் பணம் வாங்கிப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு மாசத்தில் மறுபடி அதே ஆட்டம்.

என்னிடம் வந்தபோது கதவைத் திறந்ததுமே மக்கிய பூ வாசனை. டிரைவர் பக்கத்து கார்பெட்டை அழுத்தினேன், விரல்களுக்கிடையே தண்ணீர் வந்தது. மேலே கார்பெட் காய்ந்திருக்கும், அடியில் இருக்கிற பஞ்சு நாலு லிட்டர் குடித்து வைத்திருக்கும். பல ஜெர்மன் வண்டிகளில் மாட்யூல்கள் அந்தக் கார்பெட்டுக்கு அடியிலோ சீட்டுக்கு அடியிலோதான் இருக்கின்றன. சன்ரூஃபைத் திறந்து பார்த்தால் நாலு மூலை வடிகால் ஓட்டைகளில் இரண்டில் புங்கம்பூ அடைத்து, சேறாக இறுகியிருந்தது. மழைத் தண்ணீர் வடிகாலில் போக வழியில்லாமல் தூணுக்குள் இறங்கி மாட்யூலின் மேல் சொட்டியிருக்கிறது.

அதைச் சுத்தம் செய்யக் காற்று அடிக்காதீர்கள். அழுத்தத்தில் உள்ளே குழாய் மூட்டு விட்டுப் போனால் கூரைத் துணியை இறக்கித்தான் மாட்ட வேண்டும். புல் வெட்டும் மிஷினில் போடுகிற நைலான் கம்பியை முனை மழுக்கி, மெதுவாக உள்ளே விட்டுத் திருகித் திருகி இறக்குங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை முன்பக்க மூலையில் ஊற்றி, முன் சக்கரத்துக்குப் பின்னால் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் இதைச் செய்யலாம், கால் மணி நேர வேலை. அந்த அம்மாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தேன். இப்போது அவரே டம்ளரோடு நின்று செய்துவிடுகிறார்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியையும் இதே இடத்தில்தான் கண்டுபிடிக்கலாம். 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் மறுபடி சென்னை. அந்த மாசங்களில் வண்டி எந்த ஊரில் இருந்தது என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே மறையாது. சீட்டுக்கு அடியில் இருக்கிற தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், புதிதாக மாற்றிய கார்பெட் இவற்றில் எது இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். மூழ்கிய சொகுசு காரை என்னால் நிரந்தரமாகச் சரி செய்து தர முடியாது. முடியும் என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

ஸ்கேனரும் காகிதமும்

அந்தக் கம்பெனி வண்டிக்கென்று உள்ள ஸ்கேனரால் எல்லா மாட்யூலையும் படிக்கச் சொல்லுங்கள். மீட்டரில் கிலோமீட்டரைக் குறைத்திருந்தாலும் கியர்பாக்ஸ் போன்ற வேறு மாட்யூல்களில் பழைய எண் தங்கியிருக்கும். பி.எம்.டபிள்யூவில் சாவிக்குள்ளேயே கிலோமீட்டர் பதிவு இருக்கும். எந்தக் குறையும் பதிவாகாமல் துடைத்து வைத்த மாதிரி இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். முந்தின நாள் அழித்திருப்பார்கள். 40 நிமிஷ ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி படித்தால் உண்மையானது திரும்ப வரும். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஏர்பேக் வெடித்த வண்டியாக இருக்கலாம்.

டெல்லி வண்டி என்றால் விலை குறைவாக இருக்கும். அங்கே 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதிலிருந்து ஏராளமான வண்டிகள் தெற்கே வந்தன. நல்ல வண்டிகளும் அதில் உண்டு. என்ஓசி, மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள். சர்வீஸ் விவரத்தை, கம்பெனி அங்கீகரித்த சென்டரில் கேட்டு வாங்கித் தரும்படி விற்பவரிடமே சொல்லுங்கள். காகிதம் தர மறுத்தால் வண்டியையும் விட்டுவிடுங்கள்.

வாங்கிய முதல் மாசம்

மியூசிக் சிஸ்டம், புது வீல் எல்லாம் அப்புறம். முதலில் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் டிஃபரன்ஷியல் ஆயில், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழையவர் மாற்றினாரா என்று யூகித்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்ஜின் ஆயிலில் பிராண்ட் எதுவானாலும் டப்பாவின் பின்னால் உங்கள் வண்டிக்கான ஒப்புதல் எண் இருக்கிறதா என்று பாருங்கள்: பி.எம்.டபிள்யூ டீசலுக்கு எல்எல்-04, மெர்சிடீஸுக்கு 229.51, ஆடிக்கு 507.00 என்கிற மாதிரி. கம்பெனி 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று சொன்னாலும் நம் ஊர்ச் சூட்டுக்கும் தூசிக்கும் 8,000-ல் மாற்றுங்கள். டைமிங் செயினுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

பேட்டரி மாற்றினால் புதிய பேட்டரி என்று வண்டிக்கு ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டிய மாடல்கள் நிறைய. செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றிய மாதிரியே மின்சாரம் ஏற்றிப் புதியதையும் சீக்கிரம் முடித்துவிடும்.

ஸ்பேர் வாங்கும்போது காருக்கே சப்ளை செய்கிறவர்களின் பெட்டியைக் கேளுங்கள். லெம்ஃபோர்டர், மாலே, மான், போஷ் பெட்டியில் வருவது பல நேரம் ஷோரூம் பெட்டியில் வருகிற அதே சாமான்தான், விலை கணிசமாகக் குறையும். பிளாஸ்டிக் கூலண்ட் பைப் ஒன்று உடைந்தால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றைக் கழற்றும்போதே அடுத்தது உடையும். டீசலில் புகை ஃபில்டர் இருந்தால் வாரம் ஒருமுறை காந்திபுரம் சந்துகளை விட்டு ஹைவே ஏறி, அவிநாசி தாண்டிச் செங்கப்பள்ளி வரை ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். ஃபில்டரில் சேர்ந்த கரி எரிந்து போகும்.

சூட்டு எச்சரிக்கை வந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் உள்ள வண்டிகளில் பம்ப் சொல்லாமல் நிற்கும். 'இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டியவர்களின் இன்ஜின் ஹெட்டைத்தான் நான் கழற்றியிருக்கிறேன். டோ வண்டி வரும் வரை வெயிலில் நிற்பது கஷ்டம்தான், நில்லுங்கள்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினோம், எவ்வளவு ஆனது. முதல் பக்கத்தில் நாலு சக்கரத்தின் மேல் டேப் வைத்து அளந்த உயரங்கள் இருக்கட்டும். அடுத்த வருஷம் அதே இடத்தில் நிறுத்தி அளக்கும்போது அந்தப் பக்கம் தேவைப்படும்.